அலை தெரியாத சிப்பிகள்

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றபடியே அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறி வருகிறவர்கள் பொதுவாக முதலில் மூச்சு வாங்குவார்கள், பிறகு தண்ணீர் கேட்பார்கள், அதன் பிறகுதான் அழுவார்கள். இவள் எதையும் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யார் மேலோ இருந்த கோபத்தோடு மேஜையைப் பார்த்தாள். கொக்கிக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

கொக்கி என்பது பட்டப் பெயர். காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை வேலை பார்த்த காலத்தில், ஒரு பொய்யைப் பிடித்தால் அது கிழியும்வரை விடமாட்டாள் என்று சக ஊழியர்கள் வைத்தது. வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியபோது பெயரும் கூடவே வந்தது. உதவிக்கு ஒருவன் இருந்தான், அவள் கணவனின் தம்பி. நான்கு தொழில் பார்த்து நான்கிலிருந்தும் மரியாதையாக வெளியே அனுப்பப்பட்டவன். வாய் மட்டும் எந்தத் தொழிலிலும் அவனைக் கைவிட்டதில்லை.

"விவாகரத்துக் காகிதமா, பாகப் பிரிவினையா?" என்று கேட்டான் கொழுந்தன்.

"கடல்" என்றாள் அவள்.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான்.

அவள் கரையோர வாரியத்தின் ஆய்வாளர். ஊரில் அவளைக் கடல் டாக்டர் என்பார்கள். வருடா வருடம் கரையையும் கடலையும் சோதித்து, எந்த இடம் நலம், எந்த இடம் நோய் என்று மதிப்பெண் போடுவது அவள் வேலை. அவள் போடும் மதிப்பெண்ணை வைத்துத்தான் வாரியம் கொள்கை முடிவெடுக்கும். மீன் பிடிக்கலாமா, குளிக்கலாமா, கழிவுக் குழாய் இறக்கலாமா எல்லாமே அதில் அடங்கும். நலமாக இருக்கும் கடலில்தான் புதுக் குழாய்க்கு அனுமதி உண்டு, ஏற்கனவே நோய்ப்பட்ட கடலில் கிடையாது.

"அதாவது திடமா இருக்கிறவனுக்குத்தான் விஷம் குடுக்கலாம்னு சட்டம்" என்றான் கொழுந்தன்.

"தாங்குவானாம்" என்றாள் கடல் டாக்டர் சிரிக்காமல்.

சோதிக்கும் முறையை அவளே விளக்கினாள். கறுப்புச் சிப்பிகளை வலைப் பைகளில் போட்டுக் கடலில் சில மாதம் தொங்கவிடுவார்கள். சிப்பி இராப் பகலாகத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டிக்கொண்டே இருக்கும், தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அதன் சதையில் சேர்ந்துவிடும். பிறகு சதையை வெளியூர்ச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். ஊருக்கு முன்னால் இருக்கும் குடாவில் நான்கைந்து பை. ஊருக்கு வெளியே, திறந்த கடலில், விளக்குப் பாறைக்குக் கீழே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பை. அங்கே கழிவும் இல்லை, கப்பலும் இல்லை. நோயாளியின் ரத்தத்தை ஆரோக்கியமானவன் ரத்தத்தோடு வைத்துப் பார்ப்பது போலத்தான்.

இந்த வருட முடிவு வந்துவிட்டது. குடாச் சிப்பியும் பாறைச் சிப்பியும் ஒன்று போலவே இருக்கின்றன, ஆகவே குடா நலம். அவள் கையெழுத்து விழுந்தால் தோல் ஆலைகளின் கழிவுக் குழாய் குடாவில் இறங்கும். இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாரியக் கூட்டம். கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போகும், அவள் இடத்தில் வேறொருவர் போடுவார் என்று இயக்குநர் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்.

"சதையில எவ்வளவு விஷம்னு அசல் எண்கள் என்ன சொல்லுது?" என்று கேட்டாள் கொக்கி.

அதைத்தான் காட்ட மாட்டேன் என்கிறார்களாம். போன வருடம் எண்கள் பத்திரிகைக்குக் கசிந்து ரகளை ஆனதால், இயக்குநர் புது விதி கொண்டுவந்திருக்கிறார். கையெழுத்து ஆகும்வரை ஒப்பீட்டு முடிவு மட்டும்தான் வரும், எண் வராது.

"நீங்க ஏன் நம்பல?"

கடல் டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"என் பொண்ணு அந்தக் குடாவுலதான் நீந்தக் கத்துக்கிட்டா. இப்ப முழங்காலுக்குக் கீழ பூரா புண்ணு. தெருவுல பாதிப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான். கடல் நல்லா இருக்குன்னு நான் எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய் அவ கால்ல மருந்து தடவணுமா?"

கொக்கி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கடல் டாக்டரின் சந்தேகமெல்லாம் ஒரே ஆள் மேல்தான் இருந்தது. குடாவுக்குப் போய்ப் பைகளை எடுத்து வருவது வாரியத்தின் படகுக்காரர். குழாய்க்காரர்கள் அவரை வளைத்துப்போட்டு, குடாப் பைகளுக்குப் பதிலாக வேறு நல்ல சிப்பிகளை வைக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அவள் முன்பே ஒரு தடவை முறையிட்டதால், இயக்குநர் குடாவில் காவல் போட்டு, மிதவைக்கு மிதவை கேமராவும் வைத்துக் கொடுத்திருந்தார். அதையும் மீறி எப்படி நடந்தது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

படகுத்துறையில், வாரியத்தின் தகரக் கொட்டகைக்கு வெளியே, படகுக்காரர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஸ்பானரைக் கீழே வைத்தார். அதை வைத்த விதத்தில் கொழுந்தன் ஓரடி பின்வாங்கினான்.

"என் மேலயா சந்தேகம்? உள்ள வந்து பாருங்கம்மா. பையும் ஓடும் அப்படியே இருக்கு."

அதுவும் வாரிய வழக்கம். சதை சோதனைக்குப் போனாலும், அறிக்கையில் கையெழுத்து ஆகும்வரை பையையும் ஓடுகளையும் வெளியே கொட்டக் கூடாது. கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு பை, பைக்குக் கீழே ஒரு சாக்கில் ஓடுகள். நாற்றம் வாசல்வரை வந்து வரவேற்றது.

சிப்பியை எடுக்கும்போது பையின் அடியைத்தான் வெட்டுவார்கள், மேல் முடிச்சைத் தொடுவதில்லை. கடல் டாக்டர் ஒவ்வொரு குடாப் பையாக இறக்கி, முடிச்சைப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் சிவப்பாக ஒரு துணுக்கு இருந்தது. மகளின் பழைய ரிப்பனைத் துண்டு துண்டாக வெட்டி, முடிச்சுப் போடும்போதே உள்ளே வைத்துக் கட்டியிருந்தாள். வேறு யாருக்கும் தெரியாது. பையை மாற்றியிருந்தால் ரிப்பன் இருக்காது. முடிச்சை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டியிருந்தால் கட்டு மாறியிருக்கும்.

எல்லாப் பையிலும் ரிப்பன் இருந்தது. எல்லா முடிச்சும் அவள் கட்டியதுதான்.

அவள் முகம் தொங்கிப்போனது. படகுக்காரர் தன் பங்குக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினார். கடலுக்குப் போகக் கூடாது என்று துறையில் எச்சரிக்கைக் கொடி ஏறியதிலிருந்து வாரக் கணக்காகத் தான் வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் பாட்டு வாங்கிக்கொண்டிருப்பதாகவும், இன்று காலை கொடி இறங்கின பிறகுதான் வெளியே தலைகாட்டியதாகவும், வந்த இடத்தில் திருட்டுப் பட்டம் வேறு கிடைத்ததாகவும் சொன்னார். கடல் டாக்டர் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்போ குடா நல்லாத்தான் இருக்கா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

கொழுந்தன்தான் பதில் சொன்னான். அமைதி என்றால் அவனுக்கு ஆகாது.

"மனசு விடாதீங்க டாக்டர். நானும் ஒரு தடவ வகுப்புல முதல் பையனுக்குச் சமமா மார்க் வாங்கியிருக்கேன். எங்க அப்பா ஊரையே கூட்டிச் சொன்னார்."

"நீயா?" என்றாள் கொக்கி.

"நான் எப்பவும் வாங்கற மார்க்தான் அண்ணி. அவனுக்குத்தான் அன்னைக்குச் சரியான காய்ச்சல்."

கொக்கி அவனையே பார்த்தாள். பொதுவாக அவள் அப்படிப் பார்த்தால் அடுத்து வசவு வரும், அவனும் அதற்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டான். வசவு வரவில்லை.

"பாறைப் பை எது?" என்றாள்.

கடைசி ஆணியில் இருந்தது. கடல் டாக்டர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. அதில் ரிப்பனும் வைக்கவில்லை. நோயாளிக்குக் காவல் போடலாம், ஆரோக்கியமாக இருப்பவனை யார் போய்க் கெடுக்கப் போகிறார்கள்? தப்பு என்றால் குடாவில்தான் நடக்கும் என்று அவளும் நினைத்தாள், காவலும் நினைத்தது, கேமராவும் குடாவையே முறைத்துக்கொண்டிருந்தது.

கொக்கி இரண்டு பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். குடாப் பையின் வலைக்கண்களில் மெல்லிய பழுப்பு நார்கள் அங்கங்கே ஒட்டியிருந்தன, பாசியும் படிந்திருந்தது. பாறைப் பையில் நாரும் இல்லை, பாசியும் இல்லை. வலை புதுசாகப் பளபளத்தது.

"இந்த நார் என்ன டாக்டர்?"

"சிப்பி விடுறது. ஆடாம இருக்கணும்னு நார் விட்டுப் பிடிச்சுக்கும். அமைதியான தண்ணியில கொஞ்சமா விடும். அலை அடிக்கிற இடத்துல..." அவள் நிறுத்தினாள். வந்து அந்த வலையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அலை அடிக்கிற இடத்துல அடிக்க அடிக்க விடும். இந்தப் பை நார்ல மூடிப்போய் வலையே தெரியாம இருக்கணும். இது விளக்குப் பாறைல ஒரு நாள்கூடத் தொங்கினது இல்ல."

கொழுந்தன் ஓட்டுச் சாக்கில் மூக்கை நுழைத்துவிட்டு வேகமாக எடுத்தான். "அண்ணி, இது கடல் இல்ல. பெட்ரோல் பங்க்."

படகுக்காரரும் முகர்ந்து பார்த்தார். கப்பலுக்கு டீசல் ஏற்றும் துறையின் தூண்களில் இருக்கும் சிப்பி இப்படித்தான் நாறும் என்றார். பசியால் செத்தாலும் அதை யாரும் தொட மாட்டார்களாம்.

கிணற்றைச் சுற்றிக் காவல் போட்டுவிட்டு, ஆற்றில் விஷம் கலந்திருக்கிறார்கள். குடாவை நல்லதாக்கிக் காட்ட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. நல்லதைக் கெட்டதாக்கினால் போதும், இரண்டும் சமமாகிவிடும். அசல் எண்ணைப் பார்த்தால் இரண்டுமே அழுகல் என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும், அதனால்தான் எண் வராமல் ஒரு விதி. கொக்கிக்குக் கோபமும் வந்தது, இப்படி யோசித்த மூளையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் வந்தது.

"இந்தப் பையை யார் கொண்டுவந்தது?"

படகுக்காரர் தயங்கினார். "டைரக்டர் ஐயாதான். டாக்டரம்மாவைப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பியிருந்தாங்களே, அப்ப. அந்தப் பொண்ணுக்கு எதுக்குச் சிரமம், நானே படகு பிடிச்சுப் போய் எடுத்தாந்துட்டேன்னு போன்ல சொன்னாரு. நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

கடல் டாக்டர் சுவரில் சாய்ந்தாள். குடாவுக்குக் காவல் போட்டுக் கொடுத்தவர், இவள் என் மகள் மாதிரி என்று எல்லோரிடமும் சொல்கிறவர்.

"எந்தப் படகுல போனார்?" என்றாள் கொக்கி.

"அது தெரியாதும்மா. அப்பத்தான் கொடி..." என்று தொடங்கிய படகுக்காரர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

அந்த நாட்கள் முழுக்கத் துறையில் சிவப்புக் கொடி. வெளிக்கடலுக்கு ஒரு படகும் போகவில்லை, போனால் திரும்பியிருக்காது. கொடி இறங்கியது இன்று காலை.

"அவர் போகவே இல்ல" என்றாள் கொக்கி. "டீசல் துறைத் தூணுல சுரண்டி, புது வலையில போட்டு, இங்க மாட்டிட்டுப் போயிருக்கார். சோம்பேறித்தனமா, பயமா, எதுவோ ஒண்ணு. அப்படின்னா நிஜப் பை எங்க இருக்கும்?"

நால்வரும் கடல் பக்கம் பார்த்தார்கள்.

படகுக்காரர் எஞ்சினை மாட்டத் தொடங்கிவிட்டார். அலை இன்னும் முழுசாக அடங்கவில்லை, தான் மட்டும் போய்வருவதாகச் சொன்னார். கட்டின இடம் தனக்குத்தான் தெரியும் என்று கடல் டாக்டர் ஏறி உட்கார்ந்தாள். படகு ஆடாமல் இருக்க முன்பக்கம் ஒரு பாரம் வேண்டும் என்று படகுக்காரர் சொன்னதும், இரண்டு பேரும் கொழுந்தனைப் பார்த்தார்கள்.

"அண்ணி, எனக்கு நீச்சல் தெரியாது. அண்ணன்கிட்ட என்ன பதில் சொல்லுவீங்க?"

"நிம்மதியா இருக்குன்னு அவரே சொல்லுவார். ஏறு."

வாரியத்தின் கூட்ட அறையில் நீள மேஜை, கண்ணாடிக் குடுவைகளில் தண்ணீர், சுவரில் நீலமாக ஒரு கடல் படம். தலைவர் மூக்கின் நுனியில் கண்ணாடியோடு நடுவில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இயக்குநர். மடிப்புக் கலையாத சட்டை, எதிரே அறிக்கை, அதன் மேல் மூடி திறந்த பேனா. ஆய்வாளரின் நாற்காலி காலியாக இருந்தது.

கொக்கி தன்னை ஆய்வாளரின் சார்பில் வந்தவள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். அவர் வந்துகொண்டே இருக்கிறார், வருவதற்குள் தனக்குச் சின்னச் சின்ன சந்தேகம் இருக்கிறது, கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதவள், ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். அந்த முகத்தைக் காப்பீட்டுக் கம்பெனியில் பார்த்தவர்கள் இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பார்கள்.

இயக்குநர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். குடாப் பைகளைப் பற்றிக் கேட்டாள். காவல், கேமரா, எல்லாம் சொன்னார். பாறைப் பையைப் பற்றிக் கேட்டாள். அதையும் சொன்னார்.

"நீங்களே போய் எடுத்துட்டு வந்தீங்களாமே, இந்த வயசுல. ரொம்ப அலையா இருந்திருக்குமே?"

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். இயக்குநருக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது.

"கொஞ்சம் அலைதான். நமக்குக் கடல் புதுசா?"

"சிப்பியெல்லாம் வலையை விட்டு வருமா? பிடுங்கக் கஷ்டமா இருந்திருக்கும்."

"கஷ்டம் என்ன? முடிச்சை அவிழ்த்துக் கவுத்தேன், கோலிக்குண்டு மாதிரி கொட்டிடுச்சு."

"கோலிக்குண்டு மாதிரி" என்று திருப்பிச் சொன்னாள் கொக்கி. "தலைவர் ஐயாவும் கேட்டுக்கிட்டாங்க இல்லையா?"

தலைவருக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் கேட்டதாக ஒப்புக்கொண்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆய்வாளர் வராவிட்டால் துணை ஆய்வாளர் போடட்டும் என்றார் இயக்குநர். கொக்கி மேலும் இரண்டு முட்டாள்தனமான கேள்வி கேட்டாள். மூன்றாவதற்குத் தலைவர் கையை உயர்த்திவிட்டார். பேனா மேஜையில் நகர்ந்தது. கொக்கி வாசலைப் பார்த்தாள். படகு கவிழ்ந்திருந்தால் என்ன செய்வது என்று அப்போதுதான் நினைத்தாள்.

கதவு திறந்தது.

கடல் டாக்டர் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். பின்னால் கொழுந்தன், முகம் வெளுத்து, சட்டையில் வாந்தியோடு, ஆனால் தன் காலில் நின்றான். இருவருமாகத் தூக்கிவந்ததை மேஜையில் அறிக்கை மேலேயே வைத்தார்கள். கறுப்பும் பழுப்புமாக ஒரு பெரிய பொதி. வலை இருக்கிறதா என்றே தெரியவில்லை. நாரும் சிப்பியும் பாசியும் ஒன்றாகப் பின்னி, தண்ணீர் சொட்டி, பேனாவின் மை அறிக்கையில் பரவியது.

"விளக்குப் பாறைப் பை" என்றாள் கடல் டாக்டர். "நான் கட்டின இடத்துலயே இருந்துச்சு."

கொக்கி இயக்குநரைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயாவுக்குப் பழக்கம் இருக்கு. கோலிக்குண்டு மாதிரி கொட்டிக் காட்டுவார். ஒண்ணே ஒண்ணு எடுங்க ஐயா, போதும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கையை நீட்ட வேண்டியதாயிற்று. ஒரு சிப்பியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. எழுந்து நின்று இழுத்தார். சிப்பியோடு பொதி முழுவதும் மேஜையில் நகர்ந்ததே தவிர, அது விடவில்லை. அவர் விரலில்தான் ரத்தம் வந்தது.

"அவசரம் இல்ல சார்" என்றான் கொழுந்தன். "வர்ற வழியில எனக்கு வெளிய வராதது அந்தச் சிப்பி ஒண்ணுதான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் உட்கார்ந்தார். ஊருக்கு ஆலை வேண்டும், வேலை வேண்டும், ஒரு பைச் சிப்பிக்காக இத்தனை குடும்பம் பட்டினி கிடக்க முடியாது என்று சொல்லத் தொடங்கியவர், பாதியில் குரலை மாற்றி, ஆய்வாளரின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு இந்த நாற்காலியில நீ இருக்க மாட்ட. நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன் சார்" என்றாள் கடல் டாக்டர். "இது இன்னைக்கே சோதனைக்குப் போகுது. எண் வர்ற வரைக்கும் குடாவுக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாத கடல்ல குழாய் கிடையாது. எண் வந்த பிறகு நோய்னா நோய்னு எழுதுவேன். அதுக்குக் கீழதான் என் கையெழுத்து."

அவள் காலியாக இருந்த தன் நாற்காலியை இழுத்தாள். ஈர உடையோடு அதில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டாள்.

"நாளைக்கும் வருவேன். என்னை இதுலேருந்து எடுக்கணும்னா வந்து இழுத்துப் பாருங்க."

இயக்குநர் ரத்தம் வந்த விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். தலைவர் எட்டி, நனைந்த பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.